கடைசிப் பீரியடில் பூசணிப் பூ விரிவதில்லை

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்குப் பள்ளித் தோட்டத்தின் பொறுப்பு வந்து சேரும். சந்தேகமே வேண்டாம். எந்தத் தலை புதிதோ அந்தத் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். விஞ்ஞானம் எடுப்பவர் என்றால் தப்பவே முடியாது. எனக்கும் அப்படித்தான் வந்தது. வந்தது ஓய்வு பெறும் நாள்வரை போகவில்லை. நன்றாகக் காய்த்த வருடங்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அவற்றுக்கெல்லாம் படம் பிடித்து அனுப்பியிருக்கிறோம். நான் சொல்லப்போவது படம் எடுக்காத ஒரு மாதத்தைப் பற்றி.

ஆந்திர எல்லைக்குள், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் உள்ள ஊர். எட்டாவது வரை தமிழ் மீடியம். பள்ளிக்கு இரண்டு பக்கம் மாந்தோப்பு, ஒரு பக்கம் தறி ஓடும் தெரு. நான் புத்தூரில் குடியிருந்தேன். முதல் மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் பேருந்து என்னை இறக்கிவிடும், கடைசி மணி அடித்துப் பத்து நிமிடத்தில் அடுத்த பேருந்து ஏற்றிக்கொள்ளும். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பின் பாதி இதில்தான் இருக்கிறது.

தோட்ட வகுப்புக்குக் கடைசிப் பீரியட் கொடுத்திருந்தார்கள். காலையில் கணக்கும் தெலுங்கும் இருக்கும்போது செடிக்கு யார் இடம் கொடுப்பார்கள்? பிற்பகல் மூன்றரை மணிக்கு வேப்பமர நிழலில் பிள்ளைகளை உட்காரவைத்து, கிளையில் படத்தாளை மாட்டுவேன். படத்தில் தேனீ ஒரு மைனா அளவுக்கு இருக்கும். ஆண் பூ, பெண் பூ, மகரந்தம், சூல்முடி, தேனீ எதற்கு வருகிறது, எதைச் சுமந்து போகிறது என்று வரிசையாகக் கேட்பேன். பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார்கள். பத்தடி தள்ளி நிஜமான பூசணிக்கொடி கழிவறைச் சுவர் வரை ஓடிக் கிடந்தது. அதில் அந்த நேரத்துக்கு ஒரு பூவும் திறந்திருக்காது; பிழிந்து போட்ட துணி மாதிரி எல்லாம் சுருண்டிருக்கும். பூசணிப் பூ இருட்டோடு விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். இதைப் படித்திருக்கிறேன். ஆனால் நான் எடுக்கும் பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அந்த வருடம் எட்டுக் குழியில் மஞ்சள் பூசணி போட்டிருந்தோம். காலையில் தண்ணீர் விடும் பொறுப்பு லாவண்யாவுக்கு. ஏழாம் வகுப்பு. பள்ளிக்குப் பின்தெருவில் வீடு, அதனால் விடிந்ததும் வந்துவிடுவாள். அதிகம் பேசாத பெண். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டாள். கார்த்திகை முடியும்போது ஏழு பிஞ்சு நின்று பருக்க ஆரம்பித்திருந்தது. ஹெச்.எம்.முக்கு ஏக சந்தோஷம். சங்கராந்தி விடுமுறை விடும் நாளில் மண்டலக் கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. அன்றைக்கு மதிய உணவில் நம் தோட்டத்துப் பூசணியே சாம்பாரில் விழ வேண்டும், செடியிலும் பத்துக் காய் தொங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மார்கழி பிறந்தது. கொடியில் பூக்காம்புகள் ஒடிந்திருப்பதைக் கவனித்தேன். முதல் நாள் நான்கு, மறுநாள் ஐந்து. மூன்றாம் நாள் பேருந்திலிருந்து இறங்கிப் பின்தெரு வழியாக நடந்தேன். லாவண்யா வீட்டு வாசலில் பெரிய கோலம், நடுவில் சாண உருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூசணிப் பூ. எல்லாம் வாடியிருந்தன. அந்தத் தெருவில் பாதி வாசலில் அப்படித்தான் இருந்தது. மற்றவர்கள் தங்கள் கொல்லையில் பறித்திருப்பார்கள். லாவண்யா வீட்டில் கொல்லை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் சித்தூரில் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவள். அந்த மாதத்தில் எங்கள் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். சாணத்தில் பூ வைப்பதை வழியில் போகும்போது பார்த்திருக்கிறேனே தவிர, அதற்கு எந்தப் பூவைப் பறிப்பார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்று யோசித்ததும் இல்லை, விசாரித்ததும் இல்லை. தெரியாமல் இருந்ததில் குற்றம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று நினைக்காமல் இருந்ததுதான் குற்றம்.

அன்று பிரேயரில், நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு முன்னால், லாவண்யாவை வெளியே வரச் சொன்னேன்.

"ஸ்கூல் தோட்டத்துப் பூவைப் பறிச்சது நீதானே?"

"ஆமா டீச்சர்."

"ஒரு பூவைப் பறிச்சா ஒரு காய் போச்சுன்னு பாடத்துல சொன்னேனா இல்லையா?"

"காய் வெக்கிற பூவ நான் தொடல டீச்சர்."

எதிர்த்துப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வந்த கோபம் அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். "பூன்னா பூதான். கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு. திருடியைத் தோட்டத்துல வெச்சுக்க முடியாது" என்றேன். ஆண் பூ வேறு பெண் பூ வேறு என்று வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவள், பூ என்றால் பூதான் என்று சொன்னேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். லாவண்யா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் விடும் வேலையை வேறொரு பிள்ளையிடம் கொடுத்தேன். மறுநாளிலிருந்து லாவண்யா பள்ளிக்கு வரவில்லை. ஜுரமாக இருக்கும் என்று வருகைப் பதிவில் கோடு போட்டுக்கொண்டு போனேன்.

இனிமேல் காய் கொட்டப்போகிறது என்று நினைத்தேன். கொடியில் பூவுக்குக் குறைவே இல்லை, ஒரு காம்புகூட ஒடியவில்லை. ஆனால் புதிதாக வந்த பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன். உரம் போதவில்லையோ என்று எரு வைத்தேன். பத்து நாளில் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

மதிய உணவு சமைக்கும் அம்மாவுக்குப் பள்ளியை ஒட்டியே வீடு. உதிர்ந்த பிஞ்சுகளை நான் பொறுக்குவதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்.

"அந்தப் பொண்ணு வந்துக்கினு இருந்த வரைக்கும் காய் நின்னுக்கினு இருந்துச்சி டீச்சர்."

"அவ தண்ணிதானே விட்டா? இப்பவும் விடறாங்களே."

"தண்ணி மட்டுமா? விடிகாலையில வந்து ஒரு பூவப் பறிச்சி இதழக் கிழிச்சிப் போட்டுட்டு, நடு தண்ட பிஞ்சு இருக்கற பூவுல தேச்சிவிடும். எல்லாத்துக்கும் தேச்சிட்டுத்தான் மத்த வெறும் பூவ மடியில கட்டிக்கினு போவும். பிஞ்சுப் பூவுல கையே வெக்காது. அவங்கம்மா கல்யாணத்துக்கு முன்னால பலமனேர் பக்கம் விதைத் தோட்டத்துல கிராசிங் வேலைக்குப் போனவ இல்ல? தெனம் எத்தினி பூவு கையால சேத்திருப்பா! உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

எனக்குத் தெரியாது. விதைக் கம்பெனித் தோட்டங்களில் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் கையால் சேர்ப்பதற்குக் கிராசிங் என்று பெயர் இருப்பதும், நம் பிள்ளைகளின் தாய்மார்களில் எத்தனையோ பேர் அதைச் செய்து பிழைத்தவர்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் படத்தாளில் காட்டிய விஷயத்தை அந்தப் பெண் வீட்டில் கையால் படித்திருக்கிறாள்.

அரைகுறையாகப் பார்த்ததை வைத்து ஏற்கெனவே ஒரு தடவை அவசரப்பட்டாயிற்று. இதையாவது முழுதாகக் கண்ணால் பார்க்கலாமென்று அன்றிரவு சமையல் அம்மா வீட்டிலேயே தங்கி, மறுநாள் ஆறு மணிக்குக் கொடி ஓரத்தில் போய் நின்றேன். முதல் முறையாக அந்தப் பூக்களை விரிந்த நிலையில் பார்த்தேன். கையளவு பெரிது, அப்படியொரு மஞ்சள். ஆண் பூக்கள் நீளக் காம்பில் உயரமாக நின்றன. பெண் பூக்கள் அடியில் சின்னப் பிஞ்சோடு இலைக்குள் தணிந்து கிடந்தன. மூன்று வயதுப் பிள்ளைகூட இரண்டையும் பிரித்துச் சொல்லும். ஏழரை மணிவரை நின்றேன். நாலைந்து எறும்பு, ஒரு வண்டு. தேனீ ஒன்றுகூட வரவில்லை. தோப்பில் மருந்தடிக்கும் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மா பூக்கும் முன்பு அந்தப் பக்கம் முழுக்க மருந்துதான். தேனீ வராத தோட்டத்தில் தேனீயின் வேலையை ஒரு பெண் செய்துகொண்டிருந்தாள். அவளைத்தான் திருடி என்று துரத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

அடுத்த வருடத்திலிருந்து விடிகாலைப் பேருந்தைப் பிடித்து வந்து, தோட்ட வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றினேன். ஆளுக்கு ஒரு பூ என்று பிரித்துக் கொடுத்து, அதற்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று எழுதச் சொன்னேன். அந்தப் படத்தாள் அலமாரிக்குப் போனது. வேண்டுமானால் நீங்களும் செய்யுங்கள், அது சுலபமான காரியம். கஷ்டமானது அந்த வாரம் என் முன்னால் இருந்தது.

பூக்களைப் பார்த்த அன்று மாலை லாவண்யா வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை. அவளுடைய அப்பா நாயுடுபேட்டையில் ஏதோ கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாராம். அம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"லாவண்யாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா கீது டீச்சர். தறிக்காரங்க ஊட்டுல நூல் சுத்தப் போய்க்கினு கீது. ஸ்கூலுக்குப் போ போன்னு எத்தினி வாட்டி சொன்னேன். அவங்க நைனாவும் சொல்லிப் பாத்துட்டாரு. திருடின்னு கூப்புடறாங்க, போமாட்டேன்னு சொல்லிட்சி."

பூசி மெழுகாமல் சொன்னேன். தப்பு என்னுடையது, அவள் செய்தது எனக்குப் புரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், நாளைக்கே அனுப்பிவையுங்கள் என்றேன்.

"ஊட்டாண்ட வந்து சொன்னா ஊட்டுக்கு மட்டும்தான தெரியும் டீச்சர்? நீங்க அத இங்கியா சொன்னீங்க? பிரேயர்ல இல்ல சொன்னீங்க."

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அங்கியே சொல்லுங்க. சொல்ற அன்னிக்கு நானே இட்டுக்கினு வரேன்."

அதிலிருந்து மூன்றாம் நாள் அதிகாரி வருகிறார். அன்று மதியத்தோடு விடுமுறை. அதற்கு முந்தைய இரண்டு நாளும் தேர்வு, பிரேயர் கிடையாது. ஆக, ஒன்று அதிகாரி நிற்கும் பிரேயர், இல்லாவிட்டால் விடுமுறை முடிந்து வரும் பிரேயர். ஹெச்.எம்.மிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார், கெட்ட மனிதர் இல்லை.

"லீவு போகட்டும் மேடம். ஆஃபீசர் எதுருல இதெல்லாம் எந்துக்கு? ஸ்கூலுக்குத்தானே கெட்ட பேரு?"

அதிகாரி முன்னால் எதற்கு என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த இரண்டு நாளும் நானும் என்னை அதே கேள்வி கேட்டுக்கொண்டேன். விடுமுறை எவ்வளவு நாள், இரண்டு வாரம் கூட இல்லை, பிறகு நிதானமாகச் சொல்லலாமே என்று ஒரு பக்கம் தோன்றும். ஓய்வு பெறச் சில வருடங்களே இருக்கும்போது, பிள்ளையைத் திருடி என்று சொன்னேன் என அதிகாரி முன்னால் நானே ஒப்புக்கொண்டால் என் கோப்பில் என்ன எழுதுவார்கள் என்ற பயமும் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். இன்னொரு பக்கம், தறி வீட்டில் நூல் சுற்றும் பிள்ளைக்கு ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பள்ளி ஒரு தெரு தள்ளிப் போய்விடும். அப்படிப் போன பிள்ளைகளை என் வகுப்பிலேயே நான்கைந்து பேரைப் பார்த்திருக்கிறேன். விடுமுறைக்குப் பிறகு நான் சொல்லும்போது கேட்க அவள் இருப்பாளா என்பதுதான் கேள்வி. என் பெயருக்கு நேரம் இருந்தது, அவளுக்கு இல்லை. அந்த அம்மாவுக்கு ஆள் விட்டு, அதிகாரி வரும் வெள்ளிக்கிழமை பிரேயருக்கே வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். செடியில் புதுக் காய் ஒன்றுமில்லை. பழைய ஏழில் மூன்று சாம்பாருக்குப் போயிருந்தது. பிரார்த்தனை முடிந்ததும் ஹெச்.எம். என் பக்கம் திரும்பி, தோட்டத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார். கேட்டுக்கு வெளியே லாவண்யாவும் அவள் அம்மாவும் நிற்பதைப் பார்த்தேன். லாவண்யா தோளில் பை இருந்தது. கேட் திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

எழுதி வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டேன். "மார்கழி ஆரம்பத்துல இதே இடத்துல நின்னு ஏழாம் வகுப்பு லாவண்யாவைத் திருடின்னு சொன்னேன். அவ திருடலை. அவ பறிச்சது காய் வைக்காத பூ. தேனீ வராதப்ப, காய் வைக்கிற பூவுக்கெல்லாம் மகரந்தம் சேத்தது அவதான். செடியில நிக்கற காய் எல்லாம் அவ கையால வந்தது. அவ சொன்னதை நான் காதுல போட்டுக்கல. தப்பு என்னோடது" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஹெச்.எம். பக்கம் குனிந்து, "ஏமண்டுன்னாரு?" என்று கேட்டார். என்ன சொல்கிறார் என்று அர்த்தம்.

"தோட்ட குரிஞ்சி சார்" என்றார் ஹெச்.எம். தோட்டத்தைப் பற்றித்தான் என்று. பொய்யும் இல்லை.

வரிசையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சத்தமாகக் கேட்டது: "அப்ப யாரு டீச்சர் திருடனது?"

"யாரும் திருடலைப்பா" என்றேன்.

முடிந்தது என்று நான் ஒரு அடி பின்னால் வைத்தபோது கேட்டிலிருந்து குரல் வந்தது. லாவண்யாவின் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. கடையில் எடை சரியாகப் போடச் சொல்வது போலத்தான் இருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க டீச்சர். பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

எல்லோரும் கேட் பக்கம் திரும்பினார்கள். அதிகாரியும் திரும்பினார். ஹெச்.எம். என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார்.

மறுபடி முன்னால் வந்தேன். முதலில் சொன்னதையே, ஒரு வார்த்தை குறைக்காமல், கழிவறைச் சுவர் வரை கேட்கும்படி சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு அதிகாரி பக்கம் திரும்பி அவருக்கும் சொன்னேன்: "லாவண்யா தொங்க காது சார். தப்பு நாதி." லாவண்யா திருடி இல்லை, தப்பு என்னுடையது என்று. திருடி என்பதற்கும் தப்பு என்பதற்கும் தெலுங்கு வார்த்தை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், தெருவில் தறி வீட்டு வாசலில் நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

ஹெச்.எம். கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாவண்யா அம்மாவின் கையை விட்டாள். முற்றத்தின் நடுவாக நடந்து, என்னைக் கடந்து, ஏழாம் வகுப்பு வரிசைக்குப் போனாள். உயரப்படி அவளுடைய இடம் மூன்றாவது. அங்கே நின்றுகொண்டிருந்த பெண் இடம் விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.